மைனஸ் சொல்லாத குரல்

எங்கள் பக்கத்தில் கண் தெரியாத ஒருத்தியைப் பார்த்தால் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனியில?" என்றுதான். பஸ்ஸில், மருந்துக் கடையில், கல்லூரி வாசலில், எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். நான் எந்தப் பட்டாசுக் கம்பெனி விபத்திலும் பார்வையை இழக்கவில்லை, பிறக்கும்போதே இப்படித்தான் என்று சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். அடுத்தது, "என்ன படிக்கிற?" பொருளாதாரத்தில் எம்.ஃபில்., அதுவும் புள்ளியியலை வைத்து ஆய்வு என்று சொன்னால் நீளமாக ஒரு "அடேயப்பா" வரும். அந்த அடேயப்பாவில் நம்பிக்கை கொஞ்சமும் இருக்காது. அவநம்பிக்கையைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். பாவம் பார்ப்பவர்களிடம்தான் என்ன பேசுவதென்று தெரியாது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. பகலில் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்த காலம். சிவகாசிக்கு வெளியே எங்கள் வீடு, விருதுநகரில் கல்லூரி. தினமும் பஸ்.

பள்ளியில் எங்களைப் போன்றவர்களுக்குக் கணக்குப் பாடத்திலிருந்து விலக்கு உண்டு. சலுகை என்று அதற்குப் பெயர். மற்ற பிள்ளைகள் கணக்கு டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது நான் தனியாக வராண்டாவில் உட்கார்ந்திருப்பேன். சன்னல் வழியாகக் காதில் விழுந்ததை வைத்துத்தான் எனக்குப் பின்னமும் சதவீதமும் வந்தன. அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மருந்து முக்காத வெறுங்குச்சிகளைக் கொண்டுவருவாள். பழைய தினசரி காலண்டரின் அட்டையைத் திருப்பிப்போட்டு, அதில் குச்சிகளை உயரம் பார்த்து உடைத்து ஒட்டி, நானே எனக்கு வரைபடம் செய்துகொண்டேன். எந்த மாதம் மழை கூடுதல், எந்த மாதம் குறைவு என்று விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். அதைச் செய்த அன்று எனக்கு இருந்த திமிரைச் சொல்லி முடியாது.

கல்லூரியில் அந்தத் திமிர் எடுபடவில்லை. அங்கே எல்லாம் கணினியில் நடந்தது. துறையில் காசு கொடுத்து வாங்கிய புள்ளியியல் மென்பொருள் ஒன்று இருந்தது. கட்டம் கட்டமாக எண்களைப் போட்டு, சுட்டியால் அங்கே ஒரு தட்டு இங்கே ஒரு தட்டு தட்டினால் விடை வரும். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் என் திரைவாசிப்பான் அதற்குள் நுழைந்தால் "விண்டோ, விண்டோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். அந்தத் திரைவாசிப்பானும் சொந்தமாக வாங்கியது இல்லை. விலை யானை விலை. ஊரில் எங்களைப் போன்ற பலரும் அதன் இலவச மாதிரியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். அரைமணிக்குக் கொஞ்சம் மேலே பேசும், பிறகு கப்பென்று வாயை மூடிக்கொள்ளும். கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். வாக்கியத்தின் நடுவில் எத்தனை முறை என்னைத் தவிக்க விட்டிருக்கிறது என்று கணக்கே இல்லை.

"டைப் அடிக்க, கணக்குப் போட ஆள் வச்சுக்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றார் என் நெறியாளர். நல்ல மனிதர், தங்கமான மனிதர். ஆனால் என் கணக்கை இன்னொருத்தர் போட்டால் அது எப்படி என் ஆய்வாகும்? இதை அவரிடம் கேட்டபோது சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பார்வையற்ற கணினிக்காரர்களுக்கென்று அப்போது ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. அதில் ஒரு வங்கி ஊழியர், அவரும் பார்வையற்றவர், இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, பார்வையற்றவர்களே எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுத்திருக்கும் ஒரு திரைவாசிப்பான். அது நடுவில் வாயை மூடாது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு எந்தக் கணினியிலும் செருகலாம். இன்னொன்று, ஆர் என்று ஓரெழுத்தில் பெயர் வைத்த புள்ளியியல் மென்பொருள். அதுவும் இலவசம். அதில் கட்டமும் இல்லை, சுட்டியும் இல்லை. என்ன வேண்டும் என்று ஒரு வரியாக எழுதித் தட்டினால் பதிலும் வரிவரியாக வரும். எழுத்தாக வந்தால் போதும், படித்துச் சொல்லத்தான் குரல் இருக்கிறதே. சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மதியம் முழுக்க உட்கார்ந்து இரண்டையும் இறக்கினேன். வீட்டுக்கு வந்து முதலில் ஒரு சராசரி கேட்டேன். சொன்னது. திட்ட விலக்கம் கேட்டேன், அதையும் சொன்னது. யாரையும் கெஞ்சாமல், யார் வசதிக்கும் காத்திருக்காமல் ஒரு விடை கிடைத்தது எனக்கு அன்றைக்குத்தான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது எங்கள் பிழைப்பையேதான். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிற அம்மாக்கள் மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் பெண் பிள்ளைகள் எத்தனை வருஷம் படித்திருக்கிறார்கள், இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு. தாயில்பட்டி, அச்சங்குளம் பக்கமெல்லாம் அப்பா லீவு நாளில் சைக்கிளில் கூட்டிப்போனார். நான் பின்னால் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரை மடியில் வைத்திருப்பேன். வேலை முடிந்து கம்பெனி வேனில் இறங்குகிற பெண்கள், கையில் ஒட்டிய வெள்ளி மருந்தைக் கழுவக்கூட நேரமில்லாமல் நின்று பதில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அத்தனையையும் கேட்டுக் கேட்டு நானே எண்ணாக ஏற்றினேன்.

ஆரிடம் கேட்டபோது அது கொடுத்த விடை எனக்கு இனித்தது. ஒன்று கூடினால் மற்றது கூடுகிறதா குறைகிறதா என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள், அதற்குக் கெழு என்று பெயர். மைனஸ் இல்லாத எண் என்றால் இரண்டும் சேர்ந்து கூடுகின்றன என்று அர்த்தம். எனக்குக் காதில் விழுந்தது மைனஸ் இல்லாத எண். அம்மாக்கள் வேலைக்குப் போகப் போகப் பெண் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கிறார்கள். என் அம்மா குச்சி அடுக்கித்தானே என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தாள். ஐந்தாவது அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனாலும் கை எங்கேயும் நிற்கவில்லை.

நெறியாளர் கையெழுத்துப் போட்டார். "பிரமாதமா வந்திருக்கும்மா" என்றார். தாள் புரளும் சத்தம் அதிகம் கேட்கவில்லை. துறைத் தலைவரும் போட்டார். பைண்டிங் செய்து பிரதிகள் போயின, வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து புறத்தேர்வாளர் ஒருவர் வந்து கேள்வி கேட்பார், அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அப்பா வீட்டில் இருந்தார். எங்கேயோ ஒரு கம்பெனியில் விபத்து, அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்துக் கம்பெனிகளைப் பூட்டிவைத்திருந்தார்கள். சும்மா உட்கார அவருக்கு வராது. என் பிரதியைக் கையில் கொடுத்து, பக்கம் எதுவும் மாறியோ தலைகீழாகவோ பைண்டாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். ஒவ்வொரு பக்கமாக எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நின்றார்.

"இதுல படம் போட்டிருக்கு தாயி. புள்ளி புள்ளியா. நடுவுல ஒரு கோடு."

எனக்குப் பெருமை. அந்தப் படத்தை நானே ஒரு வரி கட்டளை எழுதி வரைந்திருந்தேன். வரைந்தேனே தவிர, அது எப்படி இருக்கும் என்று தெரியாது. கோடு எப்படிப் போகிறது என்று கேட்டேன். அப்பா என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாளில் வைத்து மெதுவாக இழுத்தார். இடப்பக்கம் மேலேயிருந்து கிளம்பி வலப்பக்கம் கீழே வந்து நின்றது விரல்.

"மேல ஏறணுமேப்பா" என்றேன்.

"ஏறலையே. எறங்கத்தான் செய்யுது."

"நீங்க பொஸ்தகத்தத் தலைகீழாப் பிடிச்சிருக்கீக. திருப்பிப் பிடிங்க."

திருப்பிப் பிடித்து மறுபடி விரலை இழுத்தார். மறுபடியும் இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்குகிற கோட்டைத் தலைகீழாகத் திருப்பினாலும் அது இறங்கத்தான் செய்யும். இது கணக்குத் தெரிந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அப்பா எப்படிப் பிடித்தாலும் அது இறங்குகிற கோடுதான்.

கணினியைப் போடலாம் என்று எழுந்தேன், கரண்ட் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் தெருவுக்கு அந்த நேர முறை. மத்தியானம்தான் வரும். அந்த இரண்டு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அடுப்படிக்கும் கணினிக்கும் நடந்தேன். படத்தின் அச்சுகளை மாற்றிப் போட்டிருப்பேனோ, வேறு எண்களை வரைந்திருப்பேனோ, பிரிண்ட் எடுத்த கடையில் ஏதோ செய்துவிட்டார்களோ என்று என்னென்னவோ சாக்குக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு சாக்குக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன். அம்மா வேலைக்குப் போகுமுன் போட்டு வைத்த சோறு அப்படியே இருந்தது. நாளைக்குப் புறத்தேர்வாளர் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கோடு இறங்குகிறது, நீங்கள் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே என்று கேட்பார். கண் தெரியாத பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று நினைப்பார். அவர் நினைப்பதோடு போனால் பரவாயில்லை. அடுத்த வருஷம் என்னைப் போல இன்னொருத்தி வந்து கணக்கு வேண்டும் என்று நின்றால், என்னைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிடுவார்கள்.

கரண்ட் வந்தது. கணினி எழுந்து பேச எடுத்துக்கொள்ளும் நேரம் அன்றைக்கு மட்டும் நீண்டுகொண்டே போனது. அதே எண்களை ஏற்றி, அதே வரியைத் தட்டினேன். குரல் படித்தது. மைனஸ் இல்லை. மறுபடி படிக்கச் சொன்னேன். அப்போதும் மைனஸ் இல்லை. ஒரு நிமிஷம், அப்பாவுக்குத்தான் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை என்றுகூட நினைத்தேன். பிறகு அம்புக்குறி விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டி எழுத்தெழுத்தாக நகர்ந்தேன். எண்ணுக்கு முன்னால் நின்றபோது குரல் "டேஷ்" என்றது.

நடந்தது இதுதான். திரைவாசிப்பானிடம், கமா, புள்ளி, கோடு போன்ற குறிகளை எல்லாம் சொல் என்றும் சொல்லலாம், சொல்லாதே என்றும் சொல்லலாம். ஆரில் வேலை செய்யும்போது எல்லாம் சொல்ல வேண்டும், ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் அது ஓடாது. ஆனால் பத்தி பத்தியாகக் கட்டுரை எழுதும்போது கமா டேஷ் கமா டேஷ் என்று காதுக்குள் தொணதொணத்தால் யோசனையே வராது. அதனால் எழுதும்போது நிறுத்திவிடுவேன். நாலாவது அத்தியாயத்தை எழுதி முடித்த கையோடு கணக்குக்குப் போனவள், அதைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன். மைனஸ் குறி திரையில் நின்றது, குரல் அதைச் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, அதன் வாயை மூடச் சொன்னதே நான்தான். அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டியதால் அதில் மைனஸ் பத்திரமாக இருந்தது. என் வாக்கியங்களில்தான் இல்லை. கண்ணுள்ள யார் பார்த்தாலும், அட்டவணை ஒன்று சொல்கிறது எழுத்து வேறு சொல்கிறது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை, பயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நெறியாளருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா இம்புட்டுப் பயப்படுற? யாரு பாக்கப் போறா? வந்து உக்காரு, நான் பாத்துக்கிடுறேன்" என்றார். அவர் தைரியம் சொல்லத்தான் சொன்னார். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குப் பயம் கூடத்தான் செய்தது.

மறுநாள் காலை அப்பாவும் கூட வந்தார். சிவகாசியிலிருந்து விருதுநகர் வரை பஸ்ஸில் நான் வாய் திறக்கவில்லை. மனசுக்குள் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தத் தவறு இப்படி நடந்தது, சரியான விடை இது, அதன் பொருள் இது. திருத்தங்கல் தாண்டும்போது ஒரு மாதிரி வரிசை கிடைத்தது, விருதுநகர் வருவதற்குள் அதுவும் கலைந்துவிட்டது. பென் டிரைவ் பையில் இருக்கிறதா என்று எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேனோ. கல்லூரிக்கு வந்ததும் அப்பா, சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நின்றுகொள்கிறேன் என்றார்.

புறத்தேர்வாளர் ஓர் அம்மையார். அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியை இழுத்து, என் தோளைப் பிடித்து, நானே உட்காரத் தெரியாதவள்போல உட்கார வைத்தார்கள். நெறியாளர் என்னை அறிமுகப்படுத்தினார். பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை, அப்பா பட்டாசு வேலை, அம்மா தீப்பெட்டி, அப்படியும் விடாமுயற்சி. அம்மையார் உச்சுக்கொட்டினார். தினமும் எப்படி பஸ்ஸில் வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். சமைப்பேனா என்றார். சமைப்பேன் என்றேன். கலர் எல்லாம் எப்படித் தெரியும் என்றார். தெரியாது என்றேன். இதோ அடுத்தது அந்தக் கேள்விதான், அட்டவணைதான், என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். வரவில்லை. டீ வந்தது. மிக்சர் தட்டும் வந்தது. அவரது குடும்பத்தில் ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த கதையைச் சொன்னார்.

நெறியாளர் தாள்களை ஒழுங்குபடுத்துகிற சத்தம் கேட்டது. "அப்ப முடிச்சுக்கலாங்களா மேடம்?" என்றார்.

"முடிச்சுக்கலாம் சார். இந்த மாதிரிப் பிள்ளைங்ககிட்ட கணக்கு சரியா தப்பான்னு பாக்கக்கூடாது. இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. எங்க கையெழுத்துப் போடணும்?"

பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு நாள் முழுக்க நான் பயந்த விஷயம் என் பக்கம் வராமல் போய்விட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் பட்டம் கையில். அப்பா கீழே காத்திருக்கிறார், அம்மா பாயாசம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கோ நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. அடக்க முடியாத கோபம். நான் தப்பாகப் போட்டாலும் பாஸ், சரியாகப் போட்டாலும் பாஸ் என்றால், வராண்டாவில் உட்கார வைத்தார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"மேடம், ஐந்தாவது அத்தியாயத்துல முதல் அட்டவணையப் பாருங்க" என்றேன். "அதுல கெழு மைனஸ். நான் ப்ளஸ்ஸுன்னு எழுதியிருக்கேன். அத்தியாயம் முழுக்க அந்தத் தப்புமேலதான் நிக்குது."

நெறியாளர் என் பெயரைச் சொல்லி மெதுவாக இருமினார். அம்மையார் ஆய்வேட்டை எடுத்து விரித்தார். புது பைண்டிங்கை முதல் தடவை விரித்தால் முதுகுப் பக்கம் பசை விட்டு நெரிகிற சத்தம் ஒன்று வரும். அந்தச் சத்தம் வந்தது. அவர் அந்தப் புத்தகத்தை அதுவரைக்கும் திறக்கவே இல்லை.

"ஆமா" என்றார் அட்டவணையையும் படத்தையும் பார்த்துவிட்டு. "படம்கூட இறங்குதே." பிறகு, "இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். அதுவரை என்னை நீ என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்.

துறைக் கணினியில் பென் டிரைவைச் செருகினேன். ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டேன். குரல் என் பழக்கத்துக்கு வேகமாக ஓடியது, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, குறைத்து வைத்தேன். குறிகளைச் சொல்லச் சொன்னேன். நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அறை முழுக்கக் கேட்டது. இரண்டு முறை தப்பாகத் தட்டினேன், அதுவும் கேட்டது. காது மடல் சுட்டது. கடைசியில் விடை வந்தது. "டேஷ்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் எண்ணைச் சொன்னது.

அதற்குப் பிறகு அம்மையார் என்னை விடவில்லை. எண்களை எப்படிச் சேகரித்தீர்கள், வேலைக்குப் போகாத அம்மாக்களை ஏன் சேர்க்கவில்லை, ஒன்றிரண்டு வீடுகள் மட்டும் கோட்டை இழுக்கின்றனவா என்று பார்த்தீர்களா. சிலவற்றுக்கு அங்கேயே ஆரைக் கேட்டுப் பதில் சொன்னேன். சிலவற்றுக்குத் திணறினேன். நெறியாளர் குறுக்கே வந்து, "பாவம் மேடம்" என்று ஆரம்பித்தார். "இருங்க சார்" என்று அம்மையார் அவரை நிறுத்திவிட்டார். பிறகு கேட்டார்:

"அம்மா வேலைக்குப் போற நாள் கூடினா எல்லாப் பொண்ணுக்கும் படிப்புக் குறையுதா, இல்ல மூத்த பொண்ணுக்கு மட்டும் குறையுதா? பிரிச்சுப் பாத்தீங்களா?"

எனக்கு ஓர் அக்கா உண்டு. இவ்வளவு நேரமும் அவளைப் பற்றி நான் சொல்லவில்லை, ஆய்வேட்டிலும் அவள் இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தபோது, கண் தெரியாத கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளை நான். அம்மாவின் சம்பளம் என்னைப் படிக்கவைத்தது உண்மைதான். ஆனால் மைனஸ் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பிளஸ் என்று காதில் விழுந்ததும் ஏன் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு விளங்கியது.

"பிரிச்சுப் பாக்கல மேடம்" என்றேன்.

"தகவல் இருக்கா?"

"இருக்கு. மூத்த பிள்ளையா இளைய பிள்ளையான்னு கேட்டு வச்சிருக்கேன்."

"அப்ப அதைப் பிரிச்சுப் பாத்துட்டு இந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதிக் கொண்டாங்க. இன்னைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்." பேனா மூடியை மூடினார்.

திருப்பி எழுதி முடித்துப் பட்டம் வாங்க அடுத்த வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. படி இறங்கினேன். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய், அப்பா என்று கூப்பிட்டேன். ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்னாச்சு தாயி? பாஸா?"

"இல்லப்பா. திரும்ப எழுதிட்டு வரச் சொல்லிட்டாக."

அவர் கை இறுகியது. "நான் வேணும்னா அந்த அம்மாகிட்டப் போயி ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டா? கண்ணு தெரியாத பிள்ளைன்னு…"

"வேணாம்ப்பா" என்றேன். "அவக படிச்சுப் பாத்துட்டாக. ஒவ்வொண்ணாக் கேள்வி கேட்டாக."

"கேட்டா நல்லதுதான, பெறகு ஏன் அழுற? அப்படி என்ன கேட்டாக?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "அம்மா வேலைக்குப் போனா மூத்த பொண்ணோட படிப்பு மட்டும் குறையுதான்னு, தனியாப் பாத்தியான்னு கேட்டாக."

பக்கத்தில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் போனார்கள். அப்பா என் கையை விடாமல் அப்படியே நின்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம் என்று நான் இழுத்தபோதுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"பாரு தாயி" என்றார். "பாத்து, உள்ளத உள்ளபடி எழுது."